சீட்டில் ஒரு வரி

1,700 ரூபாய்!

வீட்டு வாடகையன்று. விதை வெங்காயத்தின் விலையன்று. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துக்கான தொகையுமன்று. நான்கு மணி நேரம் ஒரு நாற்காலியில் அமர்ந்து கிரிக்கெட் பார்ப்பதற்கான சீட்டின் விலை! அதுவும், அரங்கில் விற்ற சீட்டுகளில் அதுதான் அடிப்படி. அதற்கு மேலே 2,500, 3,500, 4,000, 7,500 என்று படிகள் ஏறிக்கொண்டே போயின. 2025-ஆம் ஆண்டு ஐ.பி.எல். பருவத்தில் சென்னைச் சேப்பாக்கம் அரங்கின் கட்டணப் பட்டியல் இது.

சேப்பாக்கத்துச் சீட்டு என்ன விலை விற்றால் லப்பைக்குடிக்காட்டுக்கு என்ன என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். வெள்ளாற்றின் தென்கரையில் கிடக்கும் ஊர் இது. ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம்; தாண்டாவிட்டால் பெரம்பலூர் மாவட்டம். தெருவுக்குப் பத்துப் பேர் வளைகுடா நாடுகளின் வெயிலில் வேகிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் சில வீடுகளுக்கு மாடி எழும்பியிருக்கிறது. பல வீடுகளுக்குக் கடன் மட்டுமே அடைந்திருக்கிறது. சுற்றுப்புறச் சிற்றூர்களிலோ பருத்தியும் மக்காச்சோளமும்தான் சோறு. சேப்பாக்கத்துக்குப் போக வேண்டுமானால் தொழுதூர் சென்று நெடுஞ்சாலையில் பேருந்து பிடிக்க வேண்டும். அவ்வளவு தொலைவு! ஆயினும், அந்த அரங்கம் இங்கே ஒவ்வொரு சிறுவனின் கைப்பேசிக்குள்ளும் குடியிருக்கிறது.

குற்றம் நம்முடையது. வாக்குக் கொடுத்துவிட்டோம்.

கலைக் கல்லூரியில் பொருளியல் படித்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, இருபத்தாறாம் வயதில் தற்காலிக ஆசிரியராக வந்து சேர்ந்த நமக்கு, ஒன்பதாம் வகுப்பின் காலி இருக்கைகள் கண்ணை உறுத்தின. பருத்தி எடுக்கும் காலம் வந்தால் வகுப்பில் பாதி இராது. கண்டித்தோம், பயனில்லை. வீடு வீடாகச் சென்று கெஞ்சினோம். நான்கு நாளைக்குப் பயனிருந்தது. கடைசியில் ஒரு நாள், "ஆண்டு முழுவதும் ஒரு நாளும் தவறாமல் வருவோரைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துச் செல்வோம்!" என்று முழங்கிவிட்டோம். முழக்கம் நமக்குக் கைவந்த கலை. கணக்குத்தான் சற்றுத் தொலைவு.

ஒன்பது பேர் வென்றுவிட்டனர்! ஆறு மாணவர், மூன்று மாணவியர். ஒருவன் காய்ச்சலோடு வந்து மேசையில் தலைசாய்த்துக் கிடந்தவன். பத்தாவதாக ஒருவன் இருந்தான். ஒரே ஒரு நாள், தாய்க்கு உடல்நலமில்லை என்று அவளுக்குப் பதிலாகப் பருத்தி எடுக்கப் போய்த் தவறிவிட்டான். "விதி விதிதான்" என்று அவனிடம் கூறினோம். அந்தச் சொல்லை அப்போது எவ்வளவு எளிதாகச் சொன்னோம் என்பது பின்னரே உறைத்தது.

வழிச்செலவுக்காக அவர்கள் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில் காசு சேர்த்தார்கள். சீட்டு நம் பொறுப்பு. ஒன்பது பேருக்கு 15,300 ரூபாய். நம்மையும் சேர்த்தால் 17,000. நம்முடைய திங்கள் ஊதியத்தை முழுதாக எடுத்து வைத்தாலும் அந்தத் தொகையைத் தொடாது!

அந்த வேளையில்தான், சென்னையில் கணினி நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பன், தான் வாங்கிய 4,000 ரூபாய்ச் சீட்டைப் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்பினான். பெருமைக்கு அனுப்பினான், அது நமக்குப் பாடமாகிவிட்டது. படத்தை வகுப்பில் காட்டினோம். கடைவீதியில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மையாரின் மகள் ஒருத்தி, ஒன்பதின்மரில் ஒருத்தி, அதைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "ஐயா, இதில் நான்கு எண்கள் இருக்கின்றனவே!" என்றாள். கரும்பலகைக்கு அழைத்தோம். எழுதினாள்.

சீட்டின் அடக்கவிலை 2,343 ரூபாய் 75 காசு. கேளிக்கை வரி 781 ரூபாய் 25 காசு. மத்திய சரக்கு சேவை வரி 437 ரூபாய் 50 காசு. மாநிலச் சரக்கு சேவை வரி அதே அளவு. ஆக மொத்தம் 4,000.

சீட்டில் ஒரு வரி. அந்த வரியில் ஒரு வரி!

விந்தை அதோடு நிற்கவில்லை. கேளிக்கை வரி நூற்றுக்கு 25. சரக்கு சேவை வரி நூற்றுக்கு 28. ஆனால் அந்த 28 விழுவது அடக்கவிலையின் மீது மட்டுமன்று. அடக்கவிலையும் கேளிக்கை வரியும் சேர்ந்த 3,125 ரூபாயின் மீது. அதாவது, 781 ரூபாய் வரி கட்டுகிறோமே, அந்த வரிக்கே 218 ரூபாய் 75 காசு வரி! உணவுக்கு வரி உண்டு, உடைக்கு வரி உண்டு என்று படித்திருக்கிறோம். வரிக்கும் வரி உண்டு என்பதை இட்லிக் கடைக்காரர் மகள் கரும்பலகையில் காட்டினாள். நம் 1,700 ரூபாய்ச் சீட்டையும் அதே முறையில் பிரித்துப் போட்டாள். அடக்கம் 996, கேளிக்கை வரி 332, சரக்கு சேவை வரி 372. அடக்கவிலையோடு ஒப்பிட்டால் வரி நூற்றுக்கு எழுபது!

அன்று மாலை நாம் இருந்த சினத்தில், எதிரே வந்த எவரும் வரித்துறை அதிகாரியாகவே தோன்றினர். ஆசிரியர் அறையில் பொரிந்து தள்ளினோம். மூத்த ஆசிரியர் ஒருவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே, "தம்பி, வரி இல்லையென்றால் உமக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? நீர் நிற்கும் இந்தக் கட்டடம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். அடுத்து அவர் சொன்னதுதான் நம்மை வாயடைக்க வைத்தது. மாநில அரசு கேளிக்கை வரி வாங்கிய காலத்தில், வசூலில் நூற்றுக்குத் தொண்ணூறு உள்ளாட்சிகளுக்கே போயிற்று. கொட்டகையில் ஒருவன் சிரித்த சிரிப்பிலிருந்து தெருவிளக்குக்கு எண்ணெய் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

எனவே வரலாற்றைப் புரட்டினோம். புரட்டப் புரட்டச் சினம் குறைந்ததா என்றால், இல்லை, இடம் மாறியது.

முதல் உலகப் போரின் செலவுக்கென 1916-இல் பிரிட்டனில் பிறந்தது கேளிக்கை வரி. நாடகக் கொட்டகை, படக்கொட்டகை, கால்பந்துத் திடல், எல்லா வாயில்களிலும் அது நின்றது. அங்கிருந்து கப்பலேறி 1922-இல் வங்காளத்துக்கும், 1923-இல் பம்பாய்க்கும் வந்தது. சென்னை மாகாணத்தில் 1926-இல் உள்ளாட்சிகள் வாங்கிக்கொள்ளச் சட்டம் செய்தார்கள். 1939-இல் இராசகோபாலாச்சாரியார் ஆட்சி அதை மாகாண வரியாக்கியது. அதே ஆண்டில் விற்பனை வரியும் வந்தது. காரணம் உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குத் தொடங்கியது; கள்ளுக்கடை வருமானம் கரைந்தது. கள்ளுக்கடையை மூடிய கை, கொட்டகை வாயிலில் நீண்டது! கள்ளுக்கடையை மூடியதில் நமக்கு மாறுபாடில்லை. குடிப்பவன் கொடுத்ததைப் பார்ப்பவன் கொடுக்கட்டும் என்ற கணக்குத்தான் சற்றே நெருடுகிறது.

நெருடலுக்கு வேர் எங்கே? 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் மாகாணப் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. ஆடம்பரம், கேளிக்கை, பொழுதுபோக்கு, பந்தயம், சூதாட்டம் ஆகியவற்றின் மீதான வரிகள், எல்லாம் ஒரே மூச்சில்! நம் அரசியலமைப்பும் அதை அப்படியே எடுத்து, ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 62-ஆம் இனமாக வைத்துக்கொண்டது. கபடி பார்ப்பவனும் கட்டு வைப்பவனும் ஒரே பாயில்! நாடகம் பார்த்து நல்லறிவு பெற வந்தவனுக்குப் பக்கத்திலே சீட்டுக்கட்டோடு ஒருவன். 2016-இல் 101-ஆம் திருத்தம் வந்து அந்த வரியை மாற்றியது. கேளிக்கை வரி இனி ஊராட்சியும் நகராட்சியும் வாங்குகிற அளவுக்குத்தான் என்றது. அதன்படி 2017-இல் தமிழ்நாடு உள்ளாட்சிக் கேளிக்கை வரிச் சட்டம் வந்தது. 1926-இல் புறப்பட்ட வண்டி தொண்ணூற்றோர் ஆண்டு சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. ஆனால் இப்போது சரக்கு சேவை வரி என்ற இன்னொரு வண்டியும் பக்கத்தில் நிற்கிறது. அந்தப் புதிய வரியின் பட்டியலைத் திறந்தால், பழைய பாய் அங்கும் விரிந்திருக்கிறது. சூதாட்ட விடுதி, குதிரைப் பந்தயக் கழகம், ஐ.பி.எல். போன்ற விளையாட்டு நிகழ்ச்சி, மூன்றும் ஒரே வரிசை!

இந்த உறவுமுறை நம் நாட்டிலேயே ஒருமுறை கேள்விக்குள்ளானது. 1974-இல் தமிழ்நாட்டரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. குடும்பங்களைக் குலைக்கும் சூது அது என்றது. 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறன்சார் ஆட்டமே, சூதன்று என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை நாம் மகிழ்ச்சியோடு படித்தோம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஆட்டம் எது, சூது எது என்று இருபதாண்டுக்கு மேல் வழக்காடிய நாட்டில், வரிப்பட்டியல் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

இதையெல்லாம் சொல்லி அலுத்துக்கொண்டபோது கேட்டுக்கொண்டிருந்தவர் தேநீர்க் கடைப் பெரியவர். கடை அவருடையதன்று, பெஞ்சு அவருடையது. எண்பதைத் தொடும் வயது. இளமையில் சென்னை மண்ணடியில் ஒரு கடையில் சிப்பந்தியாக இருந்தவர். ஊர்ப் பிள்ளைகள் அவரை "நன்னா" என்பார்கள்.

"வாத்தியார் தம்பி, நான் பட்டணத்தில் டெஸ்ட் ஆட்டம் பார்த்திருக்கிறேன். குந்தரன் அடித்தானே, அந்த ஆட்டம்" என்றார்.

1964 சனவரி! இங்கிலாந்துக்கு எதிராக புதி குந்தரன் 192 ஓட்டம் எடுத்த ஆட்டம். அப்போது டெஸ்ட் ஆட்டங்கள் சேப்பாக்கத்தில் நடக்கவில்லை. 1934-இல் சேப்பாக்கம் முதல் டெஸ்ட் ஆட்டத்தைக் கண்டது. 1952-இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேதான். ஆனால் 1956 முதல் பத்தாண்டு அளவுக்கு ஆட்டம் மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மாநகராட்சி அரங்கத்துக்குப் போய்விட்டது. 1967-இல்தான் சேப்பாக்கம் திரும்பியது. மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோயிற்று. அரங்கம் இருந்த இடத்தில் இன்று நேரு விளையாட்டரங்கம் நிற்கிறது.

"சீட்டு என்ன விலை?" என்று ஆவலோடு கேட்டோம்.

"அது மறந்துவிட்டது. முதலாளியிடம் முன்பணம் வாங்காமல் போனேன், அது நினைவிருக்கிறது" என்றார். சற்றுப் பொறுத்து, "பணக்காரன் ஆடிய ஆட்டம்தான் தம்பி. ஆனால் பணக்காரன் மட்டும் பார்த்த ஆட்டமில்லை. பக்கத்தில் மூட்டை தூக்குகிறவன் உட்கார்ந்திருந்தான். அவன்தான் எனக்கு ஆட்டத்தை விளக்கினான்" என்றார்.

அந்த மூட்டை தூக்கும் தோழரை நாம் அன்றிரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தோம். கிரிக்கெட்டை விளக்கும் அளவுக்கு அவருக்கு அதைக் கற்றுக் கொடுத்தது எது? கல்லூரியா? கழகமா? அடிப்படிச் சீட்டு!

மறுநாள் வகுப்பில் வரியின் கொடுமையை ஒரு சொற்பொழிவாகவே நிகழ்த்தினோம். கைதட்டல் விழுந்தது. கைதட்டாமல் இருந்தவள் ஒருத்தி. இட்லிக் கடையார் மகள் எழுந்து, "ஐயா, வரியே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் சீட்டு 996 ரூபாய் அல்லவா? அந்தக் காசு மட்டும் நம்மிடம் இருக்கிறதா?" என்றாள்.

தோழர்களே, நான்கு ஆண்டு பொருளியல் படித்தவன் அதை முதலில் கேட்டிருக்க வேண்டாமா? வரியைத் திட்டிய வேகத்தில், வரிக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்த விலையை நாம் பார்க்கவே இல்லை. 996 ரூபாயை விதித்தது அரசன்று. அரசின் வரி ஏழையின் தோளில் ஏறியது உண்மை. ஆனால் அந்தத் தோள் ஏற்கெனவே வளைந்திருந்தது. கட்டணம் வைப்பவர்கள் வரியைக் காட்டுகிறார்கள். வரி விதிப்பவர்கள் கட்டணத்தைக் காட்டுகிறார்கள். நடுவில் தகரப் பெட்டியோடு ஒன்பது பேர்.

அப்படியானால் வரியின் பங்கு ஒன்றுமில்லையா? உண்டு. வரி நினைத்தால் விலையையும் வளைக்கும். சரக்கு சேவை வரியிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. ஏற்கப்பட்ட அமைப்புகள் நடத்தும் விளையாட்டுப் போட்டிகளுக்கு, நாடகத்துக்கு, சர்க்கசுக்கு, சீட்டு 500 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் வரியில்லை. 2017-இல் அந்த எல்லை 250. 2018 சனவரியில் 500 ஆக்கினார்கள். விளையாட்டுச் சீட்டு 500-ஐத் தாண்டினால் நூற்றுக்கு 18. இது ஒரு படி! இந்தப் படி இருப்பதால், நடத்துவோர் 500-க்குள் ஒரு வரிசையை வைத்துக்கொள்வதில் ஊதியம் காண்கிறார்கள். 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய மன்றம், 100 ரூபாய்க்கு மேற்படாத திரைப்படச் சீட்டுக்கு வரியை 12-இலிருந்து 5 ஆகக் குறைத்தது. அதுவும் ஒரு படி. அடித்தட்டு இரசிகனைப் பார்த்து வைத்த படி. அதே கூட்டத்தில் ஐ.பி.எல். சீட்டுக்கு 28-ஐ 40 ஆக உயர்த்தினார்கள். அந்த மாதம் 22-ஆம் நாள் முதல் நடைமுறை. நம் 1,700 ரூபாய்ச் சீட்டு, மற்றவை மாறாதிருந்தால், 1,859 ஆகும். 7,500 ரூபாய்ச் சீட்டுக்கும் 40. அடிப்படிச் சீட்டுக்கும் 40. இங்கே மட்டும் படியே இல்லை; செங்குத்துச் சுவர்!

ஏழாயிரம் கொடுப்பவனிடம் 40 அல்ல, 50 வாங்கட்டும். நாம் கண்ணீர் விடப் போவதில்லை. பளிங்கு மாடத்தில் குளிர்காற்று வாங்கிக்கொண்டு பார்ப்பவர் தெருவிளக்குக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தருவது முறையே. நம் வழக்கு ஒன்றே ஒன்று. அந்த அரங்கிலும் 500 ரூபாய்க்குள் சில வரிசைகள் இருந்தால் அவற்றுக்கு வரி வேண்டாம் என்று சட்டம் சொல்லட்டும். பிரிட்டனில் தொழிற்கட்சி அரசின் நிதியமைச்சர் பிலிப் ஸ்னோடன் 1924-இல் செய்தது அதுதான். ஆறு பென்னி வரையிலான சீட்டுகளுக்குக் கேளிக்கை வரியை நீக்கினார். 1931-இன் பொருளாதார நெருக்கடியில் மலிவுச் சீட்டின் மீது மீண்டும் வரி விழுந்தது, அவர் கையாலேயே. 1957-இல் விளையாட்டுக்கும் நாடக மேடைக்கும் அந்த வரி அடியோடு போயிற்று. நம் நாட்டிலும் வரியைக் கருவியாக்கத் தெரியாதவர்கள் இல்லை. 2006-இல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரியை விலக்கினார்களே! ஒரு பெயருக்காக விட முடிந்ததை, ஒரு பிள்ளைக்காக விட முடியாதா?

இதை எழுதி அனுப்ப எவரிடம் அனுப்புவது என்று எண்ணியிருந்த நாட்களில் ஐ.பி.எல். பருவமே முடிந்துவிட்டது. ஒன்பது பேரையும் உட்கார வைத்து, "எம்மால் முடியவில்லை" என்றோம். அந்த இரண்டு சொற்களுக்கு எந்த அலங்காரமும் கைகொடுக்கவில்லை. காய்ச்சலோடு வந்தவன்தான் முதலில் பேசினான்: "பெட்டியில் இருக்கிற காசுக்கு வலையும் பந்தும் வாங்கலாமே ஐயா."

அரையாண்டு விடுமுறையில், அறுவடை முடிந்து வெறுமனே கிடந்த ஆற்றோரத் தரிசில் கைப்பந்துப் போட்டி நடத்தினோம். சுற்று ஊர்களிலிருந்து எட்டு அணிகள். விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் வாடகை தர வேண்டும். எனவே, கயிறு கட்டி, சீட்டு அச்சடித்து... கட்டணம் வைக்க வேண்டிய நாற்காலியில் இப்போது நாமே! 20 ரூபாய் என்றோம். அந்த மாணவி செலவைக் கூட்டிப் பார்த்து 10 ரூபாய் போதும் என்றாள். சீட்டு ஒவ்வொன்றிலும் அவள் கையாலேயே எழுதினாள்: கட்டணம் 10 ரூபாய், வரி இல்லை. ஆண்டுக்கு 20 இலட்சத்துக்குள் வரவு உள்ளவர் சரக்கு சேவை வரிக்குப் பதிவு செய்யத் தேவையில்லை என்று நாம் விளக்கியபோது வகுப்பே சிரித்தது.

மாலை ஆறு மணிக்குக் கூட்டம் நிறைந்தது. பெரியவர் முன்வரிசையில், தன் பெஞ்சைத் தூக்கிவரச் செய்து அமர்ந்திருந்தார். கயிற்றுக்கு வெளியே இருட்டில் இருபது முப்பது பிள்ளைகள். அவர்களிடையே, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் நின்றான். பருத்திக்குப் போய் ஒரு நாள் தவறியவன். உள்ளே வா என்று அழைத்தோம். தலையசைத்தான். "இரண்டு பேருக்கு 20 ஆகும் ஐயா. இங்கிருந்தே தெரிகிறது" என்றான்.

கையிலிருந்த சீட்டுக் கட்டை நாம் பார்த்துக்கொண்டு நின்றோம். அவனுக்கு மட்டும் இலவசமாகக் கொடுத்தால் வாங்கமாட்டான். அந்த அளவு அவனை நாம் அறிவோம்.

வாயிலில் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்த மாணவி நோட்டை மூடிவிட்டு வந்தாள். "விளக்கு வாடகை வந்துவிட்டது, மைக் வாடகையும் வந்துவிட்டது ஐயா. இனிக் கயிறு எதற்கு?" என்றாள்.

கம்பத்தில் இருந்த முடிச்சு இறுகிக் கிடந்தது. அவனே தம்பியை இறக்கிவிட்டு வந்து அதை அவிழ்த்தான்.